எந்தப் பாடம் எடுத்தால் எத்தனை வழி திறந்திருக்கும்?

ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்து, கெம்பஸுக்கு ஆள் எடுக்கக் கணக்கில் எடுக்கிற இஸட் ஸ்கோரையும் பார்த்து, கெம்பஸ் கிடைக்கும் போலிருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் வருகிற முதல் கேள்வி, "இதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?" என்பதுதான். கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. மலையில் கொழுந்து எடுத்தும், கொழும்பில் கடையில் நின்றும் படிக்க வைத்தவர்கள் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் ஒரு பாடத்துக்கு ஒரு வேலை என்ற கணக்கில்தான் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. மெடிசின் படித்தால் டொக்டர், இன்ஜினியரிங் படித்தால் இன்ஜினியர், மற்ற எதைப் படித்தாலும் டீச்சர். இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து பதுளை வரைக்கும் இதுதான் வாய்ப்பாடு.

பெரும்பாலான பட்டங்கள் எந்த ஒரு வேலைக்கும் நேராகக் கொண்டுபோய் விடுவதில்லை. சில வேலைகளுக்கு உங்களைத் தகுதியாக்கும், சிலவற்றுக்குப் பாதி தூரம் கூட்டிப்போகும், சிலவற்றை அடியோடு மூடிவிடும். அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் நல்லது: இதை எடுத்தால் எத்தனை வழி திறந்திருக்கும், எவை மூடும், எப்போது மூடும்?

கொழும்புக் கோட்டையிலிருந்து வருகிற ரயில்பாதை பேராதனைச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கண்டி, மாத்தளைப் பக்கம் போகும். மற்றது கம்பளை, ஹட்டன், நானுஓயா என்று ஏறிப் பதுளைக்குப் போகும். சந்தி வரைக்கும் எங்கே போவது என்று யோசிக்க நேரம் இருக்கிறது. நாவலப்பிட்டியும் தாண்டிய பிறகு மாத்தளை ஞாபகம் வந்தால் இறங்கித் திரும்பி வர வேண்டியதுதான். வரலாம், ஆனால் அரை நாள் போய்விடும், காசும் போய்விடும். படிப்பிலும் இப்படி மூன்று சந்திகள் இருக்கின்றன. ஓ/எல் (சாதாரணதரப் பரீட்சை) முடித்து ஏ/எல்லுக்குப் பிரிவு எடுப்பது ஒன்று. கெம்பஸ் அனுமதிக்கான ஹேன்ட்புக்கைப் பார்த்துக் கோர்ஸ்களை வரிசைப்படுத்துவது இன்னொன்று. கெம்பஸ் போய் முதலாம் ஆண்டு முடிவில் எந்தப் பாடத்தில் ஆழமாகப் போவது என்று முடிவெடுப்பது மூன்றாவது. இதில் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாமல்தான் நிறையப் பேர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்? பத்தொன்பது வயதில் எடுக்கிற முடிவு, இருபத்தைந்து வயதில் நாடு இருக்கப்போகிற நிலைமையோடு பொருந்த வேண்டியிருக்கிறது. அந்த நிலைமையை யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. 2018இல் ஹோட்டல், சுற்றுலாத் துறை சம்பந்தமான படிப்பில் சேர்ந்தவரை நினைத்துப் பாருங்கள். 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்பு, 2020இல் கொரோனா, 2022இல் பொருளாதார நெருக்கடி. படிப்பு முடிகிற நேரத்தில் சுற்றுலா ஊரான எல்லவில் ரூம்கள் காலியாகக் கிடந்தன. அவர் தப்பான பாடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. இன்றைக்கு அதே எல்லவில் கூட்டம் அலைமோதுகிறது. ஆனால் அந்த இடைப்பட்ட காலத்தில், கணக்கு வழக்கு பார்க்கத் தெரிந்த, ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த சுற்றுலாப் பட்டதாரிக்கு வேறு எங்காவது போய் நிற்க இடம் இருந்தது. ரிசப்ஷன் வேலை மட்டும் தெரிந்தவருக்கு அந்த வசதி இல்லை. வழி திறந்திருப்பது என்றால் நடைமுறையில் இவ்வளவுதான்.

ஓ/எல் முடிந்த கையோடு வருகிற சந்தி

கெம்பஸ் பாடம் பற்றிப் பேச வந்துவிட்டு ஓ/எல் பற்றி ஏன் என்று கேட்கலாம். நம் பகுதியில் பெரும்பாலான வழிகள் அங்கேயே மூடிவிடுகின்றன, அதனால்தான். இலங்கையில் பாடசாலைகளை வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள்: 1ஏபி என்றால் ஏ/எல் விஞ்ஞானப் பிரிவும் உண்டு, 1சி என்றால் கலை, வர்த்தகம் மட்டும், இரண்டாம் வகை என்றால் ஓ/எல் வரை, மூன்றாம் வகை என்றால் கீழ் வகுப்புகள் மட்டும். தோட்டப்புறப் பாடசாலைகளில் 1ஏபி குறைவு. ஆகவே உங்கள் பிள்ளை கலைப்பிரிவு எடுத்தது விருப்பத்தினாலா, பக்கத்தில் வேறு பிரிவு இல்லாததாலா என்பதை முதலில் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓ/எல்லில் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாக வந்திருந்தால், டவுனில் உள்ள 1ஏபி பாடசாலைக்கு மாறுவது, பஸ் செலவையும் சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டிய சங்கடத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், யோசிக்க வேண்டிய விஷயம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கெம்பஸ் அனுமதியில் உங்கள் மாவட்டம் எது என்பதை வீட்டு முகவரியை வைத்து முடிவு செய்வதில்லை. எந்த மாவட்டத்துப் பாடசாலையில் எவ்வளவு காலம் படித்தீர்கள் என்று பார்ப்பார்கள். அந்த விதியை வாசிக்காமல் மாவட்டம் தாண்டிப் பாடசாலை மாறாதீர்கள்.

பிரிவுக்குள்ளேயும் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன, இதை வகுப்பில் பலர் சொல்வதே இல்லை. உயிரியல் பிரிவில் பௌதிகவியல் கஷ்டம் என்று சொல்லி அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கலாம். எடுத்தால் மெடிசின் கதவு அன்றைக்கே சாத்தப்படுகிறது, ஏனென்றால் மெடிசினுக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். கணிதப் பிரிவில் இரசாயனவியலை விட்டு ஐசிடி எடுக்கலாம். எடுத்தால் கணினி விஞ்ஞானம் போன்றவற்றுக்கு வழி இருக்கும், இன்ஜினியரிங் பீடத்துக்கு வழி இல்லை. இரண்டுமே மோசமான முடிவுகள் என்று நான் சொல்லவில்லை. மெடிசினுக்கு ஆசையே இல்லாதவர் விவசாய விஞ்ஞானம் எடுத்து நல்ல புள்ளி வாங்குவது புத்திசாலித்தனம்தான். மூடியிருக்கிறது என்று தெரிந்து மூட வேண்டும், அவ்வளவுதான்.

கலைப்பிரிவு எடுப்பவர்களுக்கும் இதே கதை. லேசான பாடம் என்று கேள்விப்பட்ட மூன்றைச் சேர்த்து எடுப்பது நம் பக்கத்து வழக்கம். அந்த மூன்றில் ஒன்றாவது பொருளியல், புவியியல், அளவையியல், ஐசிடி மாதிரி எண்களோடோ தர்க்கத்தோடோ பழகுகிற பாடமாக இருந்தால், பின்னால் கெம்பஸில் தெரிவு விரியும். ஓ/எல் கணிதமும் ஆங்கிலமும் ஏ/எல்லோடு செத்துப்போவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பல கோர்ஸ்களுக்கு ஓ/எல்லில் இவற்றுக்குக் குறிப்பிட்ட தரம் கேட்கிறார்கள். ஏ/எல்லில் நல்ல இஸட் ஸ்கோர் இருந்தும் ஓ/எல் ஆங்கிலத்தால் ஒரு கோர்ஸைத் தாண்டிப் போக வேண்டி வருவது உண்டு. அப்படியிருந்தால் ஓ/எல்லில் அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வர்த்தமானியைப் பின்னாலிருந்து வாசிப்பது

எந்தப் பட்டம் எத்தனை வழி திறக்கும் என்று தெரிந்துகொள்ள நான் சொல்கிற வேலை ஒன்று இருக்கிறது, காசு செலவில்லை, ஒரு போனும் கொஞ்சம் டேட்டாவும் போதும். அரசாங்க வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும். தமிழிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் பதவிகளுக்கும் போட்டிப் பரீட்சைகளுக்கும் ஆள் கோருகிற பகுதியைத் திறந்து, சம்பளத்தையும் வயதெல்லையையும் இப்போதைக்கு விட்டுவிட்டு, கல்வித் தகைமை என்று போட்டிருக்கிற பந்தியை மட்டும் வாசியுங்கள்.

நாலைந்து விளம்பரம் வாசித்ததும் ஒரு விஷயம் பிடிபடும். சிலவற்றில் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றில் பெற்ற பட்டம் என்று மட்டும் இருக்கும், எந்தப் பாடம் என்று ஒரு சொல்லும் இருக்காது. இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சை அப்படிப்பட்டது. தமிழ் படித்தவரும் எழுதலாம், விலங்கியல் படித்தவரும் எழுதலாம். இன்னும் சிலவற்றில் இன்ன பாடத்தை ஒரு பாடமாகக் கொண்ட பட்டம் என்று இருக்கும். இங்கேதான் கண்ணை அகலத் திறக்க வேண்டும்: ஒரு பாடமாக என்றால் மூன்று பாடங்களோடு செய்த பொதுப் பட்டமும் போதும், பிரதான பாடமாக என்றால் அநேகமாகப் போதாது. மூன்றாவது வகையில், ஒரே பாடத்தில் ஆழமாகச் செய்கிற சிறப்புப் பட்டம் என்றே கேட்பார்கள், அதிலும் முதலாம், இரண்டாம் வகுப்புச் சித்தி என்று மேலே ஒரு வரி சேர்த்திருப்பார்கள். நான்காவது வகை டொக்டர், இன்ஜினியர் மாதிரி, பட்டமும் வேண்டும், அதற்கு மேல் மருத்துவ சபையிலோ அந்தந்தத் தொழில்சார் அமைப்பிலோ பதிவும் வேண்டும். அங்கே சுற்றுவழி கிடையாது.

ஒரு கொப்பியில் இந்த நான்கையும் நான்கு பத்தியாகக் கோடு போட்டு, நீங்கள் நினைத்திருக்கிற பாடத்தை வைத்துக்கொண்டு, கண்ணில் படுகிற ஒவ்வொரு பதவியையும் எந்தப் பத்தியில் விழுகிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வருகிற வங்கி, கம்பனி, தொண்டு நிறுவன விளம்பரங்களையும் அதே கொப்பியில் சேருங்கள். அவர்கள் பாடத்தைவிட மொழி, கணினி, அனுபவம் என்றுதான் அதிகம் கேட்பார்கள், அதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். பத்துப் பேர் சொல்கிற பத்து அபிப்பிராயத்தைவிட இந்தக் கொப்பி உங்களுக்கு உண்மையைச் சொல்லும். பக்கத்து லயத்து அண்ணன் இந்தப் பட்டத்தை முடித்து மூன்று வருடம் வேலை இல்லாமல் இருந்தார் என்பதும் ஒரு தகவல்தான். ஆனால் அவர் எதற்கு விண்ணப்பித்தார், எதற்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பதையும் கேட்டால்தான் அந்தத் தகவல் முழுமையாகும்.

எந்தப் பாடங்கள் அகலமானவை?

நேராகச் சொல்லிவிடுகிறேன்: எண்களைக் கையாளப் பழக்குகிற பாடங்கள் அகலமானவை. கணிதம், புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானம், பொருளியல், கணக்கீடு. வங்கிக்கும் வேண்டும், ஆடைத் தொழிற்சாலைக்கும் வேண்டும், திட்டமிடல் அலுவலகத்துக்கும் வேண்டும், வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போனாலும் செல்லுபடியாகும். கணிதத்திலிருந்து பொருளியலுக்கோ நிதித்துறைக்கோ பின்னால் தாவலாம். எதிர்ப்பக்கமாகத் தாவுவது கஷ்டம். இதனால்தான் கணிதம் முடிகிறவர் அதை விடாமல் வைத்திருப்பது நல்லது என்று சொல்கிறார்கள். முடியாதவரை இழுத்துப்போய் அதில் தள்ளச் சொல்லவில்லை. விருப்பமில்லாத பாடத்தில் குறைந்த புள்ளி வாங்கினால் அகலமான பாடமும் குறுகிவிடும்.

ஆனால் நம் பிள்ளைகளில் கணிசமானோர் கலைப்பீடத்துக்குத்தான் போகிறார்கள், ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று பேராதனைக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ/எல்லில் தமிழ், புவியியல், அரசறிவியல். தமிழில் ஏ சித்தி. எல்லோரும் சொல்வது, "தமிழ்ல ஸ்பெஷல் செய், டீச்சிங் கெடைக்கும்." நல்ல வழிதான், தமிழ் அவளுக்குப் பிடிக்கும் என்றால் யாரும் தடுக்கவும் கூடாது. ஆனால் முதலாம் ஆண்டிலேயே அதை முடிவு செய்யத் தேவையில்லை. தமிழ், புவியியல், பொருளியல் என்று முதல் ஆண்டுக்கு மூன்று எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். தமிழ் அப்படியே இருக்கிறது. புவியியலில் போகப் போக ஜீஐஎஸ் என்கிற வரைபட மென்பொருள் வேலை வரும், தொலையுணர்வு வரும். மண்சரிவு அபாயம் உள்ள இடங்களை வரைபடமாக்குவது, குடியிருப்பை எங்கே மாற்றுவது என்று பார்ப்பது எல்லாம் அந்த வேலைதான். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் இறங்கியதை நினைவில் வைத்திருக்கிற ஊரில் அந்தப் படிப்பின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொருளியலில் கொஞ்சம் புள்ளிவிபரவியல் ஒட்டிக்கொண்டு வரும். ஆண்டு முடிவில் எதில் புள்ளி நன்றாக வந்திருக்கிறது, எது பிடித்திருக்கிறது என்று பார்த்து, அப்புறம் எதில் சிறப்புப் பட்டம் என்று முடிவெடுக்கலாம். தமிழையே எடுத்தாலும் மற்ற இரண்டில் கற்றது எங்கும் போகாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சிறப்புப் பட்டத்துக்கு எடுப்பது முதலாம் ஆண்டுப் புள்ளிகளை வைத்துத்தான். வீட்டை விட்டு முதல் முதலாகத் தூரம் போகிற வருடம், ரேகிங் தொல்லை, ஹொஸ்டல், புதிய சிநேகிதங்கள், "ஃபர்ஸ்ட் இயர்தானே, பாத்துக்கலாம்" என்கிற சீனியர்கள். அந்த வருடத்துப் புள்ளிதான் அடுத்த மூன்று வருடத்தைத் தீர்மானிக்கிறது. வழி திறந்திருக்க வேண்டும் என்று பாடங்களை நன்றாகத் தேர்ந்தெடுத்துவிட்டு முதல் வருடத்தைக் கோட்டை விடுபவர்கள் உண்டு.

பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நான்கு வருடம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதலாவது 5ஆம் மட்டம், இரண்டாவது 6ஆம் மட்டம். விரிவுரையாளர் ஆவது, ஆய்வுப் பட்டம் செய்வது, வெளிநாட்டில் முதுமாணிக்குப் போவது எல்லாவற்றுக்கும் 6ஆம் மட்டம் வசதி. சீக்கிரம் சம்பளம் வர வேண்டிய வீடு என்றால் மூன்று வருடத்தில் வெளியே வந்து வேலை செய்துகொண்டே பட்டப்பின் டிப்ளோமா செய்வதும் மதிப்பான வழிதான். இதில் எது உயர்ந்தது என்று வாதாடுவதில் எனக்கு விருப்பமில்லை. வீட்டு நிலைமை ஆளுக்கு ஆள் வேறு.

விஞ்ஞானப் பக்கத்தில் விவசாய பீடம் என்றால் முகம் சுளிப்பவர்கள் அதிகம். "தோட்டத்துலருந்து வெளிய போகத்தானே படிக்க வெச்சோம், மறுபடியும் தேயிலையா?" என்று ஒரு தகப்பன் கேட்டால் அதற்குப் பின்னால் பரம்பரை பரம்பரையான வலி இருக்கிறது, சிரித்துவிட்டுப் போக முடியாது. ஆனால் பேராதனை விவசாயப் பட்டத்துக்குள் உணவு விஞ்ஞானம், மண், உயிரித் தொழில்நுட்பம், விவசாயப் பொருளியல், வியாபாரம் எல்லாம் இருக்கிறது. உள்ளே போனால் அது நம்மூரில் நினைப்பதைவிட அகலமான பட்டம். பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டம் இருக்கிறது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இலிருந்து நடக்கிறது. அதைச் சுற்றி தரகர் நிறுவனங்கள், ருசி பார்க்கிறவர்கள், ஏற்றுமதிக் கம்பனிகள், தரக் கட்டுப்பாட்டு ஆய்வுகூடங்கள். நாம் தேயிலையை மலையிலிருந்தே பார்த்துப் பழகியவர்கள், மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிற வேலைகளும் அதே இலையில்தான் இருக்கின்றன. இருந்தாலும் தேயிலைக்கென்றே உள்ள பட்டம் விவசாயப் பட்டத்தைவிடக் குறுகலானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை எடுப்பவர் உணவுப் பாதுகாப்பு, தர முகாமைத்துவம் போன்ற பக்கங்களைச் சேர்த்துப் படித்தால் பிஸ்கட் கம்பனிக்கும் போகலாம்.

பாடத்தைவிடப் பெரிய கதவு மொழி

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ் மொழிமூலத்தில் ஒரு கலைப்பட்டம், ஆங்கிலத்தில் ஒரு பந்தி எழுத வராது, சிங்களம் பேச வரும் ஆனால் வாசிக்க வராது. இந்த நிலையில் எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் கொப்பியில் நீங்கள் எழுதிய பதவிகளில் பாதி அடிபட்டுப் போகும். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் வளர்ந்த பிள்ளைக்குச் சிங்களம் காதில் விழுந்தே வந்துவிடுகிறது. கடையில், பஸ்ஸில், கிரிக்கெட் மைதானத்தில். எழுத்து மட்டும்தான் பாக்கி. அந்தப் பாக்கியை ஆறு மாதம் உட்கார்ந்து தீர்த்தால், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கிற பட்டதாரிக்கு லேசில் கிடைக்காத ஒரு வசதி உங்கள் கையில் இருக்கும். அரச அலுவலகங்களில் தமிழில் வேலை செய்ய ஆள் போதவில்லை என்பது மாவட்டச் செயலகமான கச்சேரி வாசலில் ஒரு நாள் நின்றாலே தெரியும். மொழிபெயர்ப்பாளர், உரைபெயர்ப்பாளர் வேலைகள் அதனால்தான் இருக்கின்றன; யாழ்ப்பாணம், களனி போன்ற இடங்களில் மொழிபெயர்ப்பைப் பட்டமாகவே படிக்கவும் முடியும்.

ஆங்கிலத்துக்கு நான் அதிகம் பேசவில்லை, எல்லோரும் பேசுகிறார்கள். ஒன்றுதான்: ஒரே பாடத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படிக்க வாய்ப்புக் கொடுக்கிற பீடமாக இருந்தால், முதல் வருடம் தமிழில் தொடங்கினாலும் இரண்டொரு பாடத்தையாவது ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளப் பாருங்கள்.

பட்டத்தோடு சேர்த்துக் கட்டுவது

குறுகலான பாடம் கிடைத்துவிட்டது, இஸட் ஸ்கோர் அவ்வளவுதான் இடம் கொடுத்தது என்றாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி பிஐடி என்று ஒரு வெளிவாரிப் பட்டம் நடத்துகிறது, 2000ஆம் ஆண்டிலிருந்து. வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதலாம், கலைப்பிரிவுக்காரர்களும் சேரலாம். அதில் எனக்குப் பிடித்தது படிப்படியாக இறங்குகிற வசதி. இடையில் நிறுத்த வேண்டி வந்தாலும் டிப்ளோமாவோடு வெளியே வரலாம், வெறுங்கையோடு வர வேண்டியதில்லை. வர்த்தகப் பாடம் படிப்பவர்கள் ஏஏடி, பட்டயக் கணக்காளர் பரீட்சைகளைப் பட்டத்தோடு சேர்த்தே தொடங்குகிறார்கள். சட்டம் பிடிக்கும், ஆனால் சட்டபீடத்துக்குப் புள்ளி போதவில்லை என்றால் இலங்கைச் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை தனியாக இருக்கிறது. அதற்கு வேறு பாடத்தில் பட்டம் இருப்பது தடையில்லை. இப்படி ஒரு வழி எங்கே போய் இன்னொன்றோடு சேர்கிறது என்று தெரிந்து வைத்திருந்தால், கிடைத்த கோர்ஸை நினைத்து ஒரு வருடம் அழுதுகொண்டிருக்க வேண்டியதில்லை. காசு கட்டிப் படிக்கிற தனியார் கோர்ஸ் என்றால் மட்டும், விளம்பரத்தில் உள்ள சிரித்த முகங்களைப் பார்க்காமல், பட்டத்தை உண்மையில் வழங்குவது யார், அதற்கு இங்கே அங்கீகாரம் இருக்கிறதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமே கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

அப்புறம் டீச்சிங். பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது, இந்தப் பகுதிப் பாடசாலைகளுக்கு அது எவ்வளவு செய்திருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆசிரியராக வேண்டும் என்பது உறுதியான ஆசை என்றால், அகலமான வழி, குறுகிய வழி என்ற பேச்செல்லாம் தேவையே இல்லை, நேராகப் போங்கள். மெடிசினுக்கும் தாதியர் பயிற்சிக்கும் இதே பதில்தான். கதவுகளைத் திறந்து வைப்பது, தனக்கு எது வேண்டும் என்று இன்னும் தெரியாதவருக்கான உத்தி. தெரிந்தவர் அதைச் செய்தால் நாலு வருடம் வீணாகும். எதையும் மூட மனமில்லாமல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டு, ஒன்றிலும் கை தேறாமல் வெளியே வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒன்றையாவது இறுக்கிப் பிடித்துவிட வேண்டும்.

போர்ம் போடும்போது

கடைசியாக, ஹேன்ட்புக் விஷயம், ஏனென்றால் இவ்வளவும் யோசித்துவிட்டு இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். விண்ணப்பத்தில் கோர்ஸையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்த ஒரு குறியீட்டைத்தான் போடுகிறீர்கள், விருப்ப வரிசைப்படி. உங்கள் இஸட் ஸ்கோருக்கு எட்டுகிறவற்றில் வரிசையில் மேலே இருப்பது கிடைக்கும். கிடைக்காத கோர்ஸை மேலே போட்டால் கீழே உள்ளதும் போய்விடும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். மேலே எட்டாவிட்டால் அடுத்ததற்கு இறங்கிப் பார்க்கும், அதில் உங்களுக்கு ஒன்றும் நட்டமில்லை. ஆனால் எட்டுகிற ஒன்றை, மனமில்லாமல், பேருக்காக மேலே போட்டால் அதுதான் தலையில் விழும். ஆகவே உண்மையான விருப்ப வரிசையைப் போடுங்கள், அந்தக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

போன வருடங்களின் வெட்டுப்புள்ளியைப் பார்க்கும்போது உங்கள் மாவட்டத்து எண்ணைப் பாருங்கள், கொழும்பினதை அல்ல. மாவட்ட அடிப்படையில் எடுக்கிற கோர்ஸ்களில் நாற்பது சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, ஐம்பத்தைந்து சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, மீதி ஐந்து சதவீதம் கல்வியில் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன, கண்டியும் மாத்தளையும் இல்லை. கொழும்பு நண்பனுக்குக் கிடைக்காத கோர்ஸ் அதே ஸ்கோரில் உங்களுக்குக் கிடைக்கலாம், ஆகவே அவன் பட்டியலைக் கொப்பி அடிக்காதீர்கள். டவுனில் கொமியூனிகேஷன் கடையில் போர்ம் போடக் கொடுக்கிறீர்கள் என்றால், குறியீடுகளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போய், அவர் டைப் செய்ததும் ஒவ்வொன்றாக ஹேன்ட்புக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினால் ஊரே மாறிவிடும். கடைசி நாளுக்கு வைக்காதீர்கள், அன்றைக்கு வரிசை படிக்கட்டு வரை நிற்கும், மழை பெய்தால் கரண்ட்டும் போகும்.